அத்தைக்குப் பட்டியல் வேண்டாம், சேனல் போதும்

இப்போது கடைகளில் விற்கும் ஸ்மார்ட் டிவிகளின் ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் நம்பர் பொத்தான்களே கிடையாது. அவை இருந்த இடத்தில் ஓடிடி நிறுவனங்களின் பெயர் போட்ட பொத்தான்கள் உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர் கேட்டு வைத்தவை அல்ல அவை; காசு கொடுத்துப் பிடித்த இடம். எந்தச் சேனலுக்கு எந்த நம்பர் என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் கையிலிருந்து நம்பரைப் பிடுங்கிக்கொண்டு, "பெரியவங்களுக்கு டெக்னாலஜி வராது" என்று சலித்துக்கொள்கிறோம். பொள்ளாச்சியில் இருக்கும் என் அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. தோப்பில் காய் வெட்டு நடக்கும் நாளில் ஆயிரம் காய்க்கு என்ன விலை என்று வாய்க்கணக்காகவே போட்டு வியாபாரியை மடக்குகிறவர். அவருக்கு வராத ஒன்றை டிவி கேட்கிறது என்றால் கோளாறு டிவியில்தான் இருக்கிறது.

நான் கோவையில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவள். சொந்தபந்தத்தில் யார் வீட்டு வைஃபை நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். அந்த உரிமையில் சொல்கிறேன்: வீட்டிலிருக்கும் படங்களையும் வீடியோக்களையும் ஒரு பழைய கணினியில் சேர்த்து, டிவியில் பார்க்க ஏற்பாடு செய்து தரும் பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்காகத்தான் அதைச் செய்துகொள்கிறார்கள்.

மென்பொருளுக்குக் குறைவில்லை. பிளெக்ஸ் இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பதை 2025இல் கட்டணத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 கடைசியில், அதிலிருந்து கிளை பிரிந்தது ஜெல்லிஃபின். முழுக்க இலவசம். எந்த நிறுவனத்திடமும் போய்க் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. போட்டு முடித்ததும் திரை நிறையப் போஸ்டர்கள் அடுக்கி வரும். நடிகர், இயக்குநர், கதைச் சுருக்கம் எல்லாம் இணையத்திலிருந்து தானே வந்து ஒட்டிக்கொள்ளும். செய்தவருக்குப் பெருமை தாங்காது. அப்படி ஒரு திரையைப் பெங்களூரில் என் அண்ணன் மகன் வீட்டில் அத்தை பார்த்தார். அவன் மேலும் கீழும் ஓட்டிக் காட்டி முடித்ததும் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. இது தானா ஓடாதா?"

அவன் சிரித்தான். எனக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம் என்று தூர்தர்ஷனில் டிவி பார்க்கத் தொடங்கியவர் அவர். போட்டால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாதியிலிருந்து பார்க்கலாம், பாதியில் எழுந்து போகலாம், கீரை ஆய்ந்துகொண்டே காதால் மட்டும் கேட்கலாம். முந்நூறு படங்களைக் காட்டி "எது வேணும்?" என்று கேட்டால் அவருக்கு அது வேலை வைப்பது. நாம் மட்டும் என்ன, தட்டில் சாப்பாடு ஆறும்வரை தேடிவிட்டு, ஏற்கெனவே பார்த்ததையே போடுகிறவர்கள்தானே.

அதனால் பொள்ளாச்சி வீட்டுக்கு நான் செய்து கொடுத்தது சேனல். எர்சாட்ஸ் டிவி என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. நம்மிடம் உள்ள வீடியோக்களைக் கொடுத்து, எந்த நேரத்தில் எது என்று சொல்லிவிட்டால் போதும், கடிகாரத்தைப் பார்த்து அட்டவணைப்படி நகர்ந்துகொண்டிருக்கும். யாராவது டிவியைப் போட்டால்தான் அதை ஏற்றிவைத்திருக்கும் பழைய லேப்டாப் உண்மையில் உழைக்கத் தொடங்கும். அந்த நேரத்துக்கு எது ஓடியிருக்க வேண்டுமோ, அதன் நடுவிலிருந்து வரும். டிவிக்குப் பின்னால் ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. அதில் லிப்ரெலெக் என்ற இயங்குதளம் போட்டிருப்பதால் கரண்ட் கொடுத்ததும் நேரே கோடி என்ற வீடியோ மென்பொருள் திறக்கும். திறந்ததும் கடைசியாகப் பார்த்த சேனலையே ஓட்டு என்று சொல்ல கோடியின் அமைப்புகளில் ஓர் இடம் உண்டு. முக்கியமான வேலை அதுதான். மற்றதெல்லாம் அதற்கான முஸ்தீபு.

தனி ரிமோட் எதுவும் வாங்கவில்லை. டிவி ரிமோட்டில் அழுத்துவது எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே பின்னால் இருக்கும் பெட்டிக்குப் போய்ச் சேரும். இந்த வசதிக்குப் பொதுப்பெயர் சிஇசி. டிவி மெனுவில் மட்டும் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் சூட்டி ஒளித்து வைத்திருக்கும்: சாம்சங்கில் அனிநெட், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அணைந்து கிடந்தால் ஆன் செய்ய வேண்டும். அந்த வீட்டு டிவி பழையது என்பது அதிர்ஷ்டம். ரிமோட்டில் நம்பர் இருக்கிறது. ஒன்றை அழுத்தினால் பழைய படம், இரண்டு பாட்டு, மூன்று வீட்டு விசேஷங்கள், நான்கு ஆனைமலை மாசாணியம்மன் குண்டத்துக்குப் போனபோது ஆளாளுக்குப் போனில் எடுத்தவை. கேபிளிலிருந்து இதற்கு மாறும் பொத்தானில், அத்தையோடு அந்த வீட்டிலிருக்கும் என் அம்மா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். பயிற்சி என்று சொல்வதானால் அந்தப் பொட்டுதான்.

அதிகம் ஓடுவது மூன்றாம் சேனல். அண்ணன் கல்யாணம் 1994இல் நடந்தது. விஎச்எஸ் கேசட். அதைக் கணினியில் ஏற்றக் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரமும் ஓடித்தான் ஏறும். அந்தக் காலத்து டிவி கோடு விட்டுக் கோடாகப் படம் வரைந்தது. அதைச் சரிசெய்யாமல் இன்றைய டிவியில் போட்டால், மாப்பிள்ளை தலை திருப்பும்போதெல்லாம் முகத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். படத்தின் அளவு நாலுக்கு மூன்று. இன்றைய டிவி அதைத் திரை முழுக்க இழுத்துவிட்டால், பந்தியில் ரசம் ஊற்றும் மாமா ஒன்றரை ஆளாகத் தெரிவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். "உங்க மாமா ஒல்லியாத்தான் இருந்தாரு, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இதை யூடியூபில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு கல்யாணக் கேசட்டை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நாள் வீடியோக்காரர்கள் மேளத்தையும் மந்திரத்தையும் வெட்டிவிட்டு, தாலி கட்டுவதிலிருந்து வெற்றிலை மடிப்பதுவரை சினிமாப் பாட்டை ஏற்றிவைத்தார்கள். நம் வீட்டுக் கல்யாணம்தான், பாட்டு வேறொருவர் சொத்து. ஏற்றிய கையோடு உரிமை கோரி அறிவிப்பு வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஏற்கெனவே மங்கலாக இருப்பதை மேலும் நசுக்கும். இதற்கு உரிய இடம் வீட்டுக் கணினிதான்.

பழைய படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பார்கள். நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்வரைதான். பாசமலர் 1961, மாயா பஜார் 1957. கதை, பாட்டு வரி, இசை இவற்றுக்கு எழுதியவர் இறந்த ஆண்டிலிருந்து வேறு கணக்கு. அதனால் ஊருக்கு ஒளிபரப்புகிற எண்ணம் இருந்தால் வக்கீலைப் பாருங்கள். முதலாம் சேனலில் ஓடுபவை அம்மா காசு கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்த விசிடியும் டிவிடியும். பார்ப்பவர்கள் இரண்டு பேர்.

படம் திக்கித் திக்கி வருகிறது என்று புலம்புகிறவர்கள் பலர். பெரும்பாலும் வைஃபை காரணம் இல்லை. டிவிக்குப் புரியாத வடிவத்தில் வீடியோ இருப்பதால், கணினி அந்த நேரத்தில் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கத் திணறுகிறது. எல்லாவற்றையும் முன்கூட்டியே எச்.264 படமாகவும் ஏஏசி ஒலியாகவும் மாற்றிவைத்தால் அந்தப் பாரம் வெகுவாகக் குறையும். படம் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை என்ற போனும் வராது. டிடிஎஸ் ஒலி இருக்கும் கோப்பைச் சில டிவிகள் ஊமையாகத்தான் ஓட்டும்.

மின்சாரச் செலவைப் பற்றி அம்மாவுக்குக் கவலை இருந்தது. லேப்டாப்பும் ராஸ்ப்பெர்ரி பையும் சேர்ந்து சும்மா இருக்கும்போது 15 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் தாண்டாது. நூறு யூனிட் இலவசத்தில் அது ஒரு பங்கு என்று விளக்கியதும், "அப்ப மோட்டாரு ரூம்பு லைட்டை அமத்திரலாம்" என்று ஈடுகட்டிக்கொண்டார். பழைய லேப்டாப்பாக இருப்பதில் வேறொரு லாபமும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகும் நாளில் அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும், திடீரென்று அணைந்து வீடியோக்கள் பாழாகாது. எப்போதும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும் என்பதால் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்துவிட வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் இவ்வளவு தேவை என்று நான் சொல்லவில்லை. ஒரு பென்டிரைவில் நாலு விசேஷ வீடியோவைப் போட்டு டிவியில் செருகிக் கொடுத்தால் பாதிப் பேருக்கு அது போதும். முதலில் அதைச் செய்து பாருங்கள். அவர்கள் அதைக் கேட்டுக் கேட்டுப் போடச் சொன்னால் அடுத்ததற்குப் போகலாம். மாதச் சந்தா ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பதைவிட அது எவ்வளவோ மேல். அந்தச் சந்தா திடீரென்று ஒருநாள் வெளியே தள்ளிவிட்டு ஓடிபி கேட்கும். ஓடிபி பெங்களூரில் மகன் போனுக்குப் போகும். மகன் மீட்டிங்கில் இருப்பான்.

ஆனால் இந்த ஏற்பாட்டைச் செய்கிறவர், அந்த வீட்டின் கேபிள்காரராக இருக்கச் சம்மதித்தாக வேண்டும். படம் நின்றால் போனை எடுக்க வேண்டும். "என்ன அழுத்தினீங்க?" என்று கேட்கக் கூடாது. நான் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன், கோவையிலிருந்தே பொள்ளாச்சி லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிடலாம். பாதிக் கோளாறு அவர்களுக்குத் தெரியாமலே சரியாகிவிடும். டிவி கம்பெனிகளிடம் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. நம்பர் பொத்தான்களைத் திருப்பிக் கொடுங்கள். போட்டதும் விளம்பரத் திரைக்குப் பதிலாக, நேற்று விட்ட இடத்தில் வந்து நிற்க ஒரு வழி வையுங்கள்.

மென்பொருள் செய்யாத ஒரு வேலை இன்னும் பாக்கி. கேசட்டில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அத்தைக்குத் தெரியும், ஆனால் உட்கார வைத்துக் கேட்டால் வராது; ஓடும்போது தானாகத்தான் வரும். "அது சேத்துமடை ராசுவோட சம்சாரம்" என்பார், அடுத்த முறை அவர் தங்கச்சியையும் காட்டுவார். அதனால் அந்தக் கேசட்டை வாரத்தில் இரண்டு மத்தியானம் ஓடும்படி அட்டவணையில் வைத்திருக்கிறேன். அம்மா பக்கத்தில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளும் பேனாவுமாக உட்காருகிறார். வந்த பெயர்களைச் சனிக்கிழமை போனில் சொல்கிறார், நான் ஏற்றுகிறேன்.