இயல்பான அழகுக்கு எத்தனை ஆள்?

பார்டர் என்றால் நமக்குப் புடவை ஞாபகம் வரும். ஆங்கிலேயருக்குத் தோட்டம். புல்வெளியின் ஓரத்தில் நீளமாக ஒரு பாத்தி. பின்னால் கற்சுவர் அல்லது ஒழுங்காகக் கத்தரித்த யூ மர வேலி. முன்வரிசையில் குட்டைச் செடிகள், நடுவில் இடுப்புயரம், பின்னால் ஆளுயரம். குளிர்காலத்தில் தரைக்கு மேலே மடிந்துபோய், வேர் மட்டும் உயிரோடிருந்து, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும் செடிகளுக்கே இதில் இடம். ஹெர்பேஷியஸ் பார்டர் என்று பெயர். பிஸ்கட் டப்பா மூடியிலும் காலண்டரிலும் நாம் பார்த்த இங்கிலாந்து இதுதான்.

யாரும் எதுவும் செய்யாமல் தானாகவே பூத்துவிட்டது போலிருக்கும். இந்தப் பாணியின் சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. புரட்டும் அதில்தான் இருக்கிறது.

பாரம்பரியம் என்று இன்று கொண்டாடப்படுவது ஒரு காலத்தில் கலகக்குரல். விக்டோரியா மகாராணி காலத்துச் சீமான்களின் மோஸ்தர் வேறு. கண்ணாடிக் கூடங்களில் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்து, கோடை வந்ததும் கம்பளம் விரித்த மாதிரி வட்டமும் சதுரமுமாக நடுவார்கள். பருவம் முடிந்ததும் பிடுங்கிப் போடுவார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளாலான இந்திய வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ரகம் பரிச்சயம்.

அயர்லாந்தில் தோட்ட வேலைக்காரப் பையனாக வாழ்க்கையைத் தொடங்கிய வில்லியம் ராபின்சன் இதைச் சாடினார். 1870ல் 'தி வைல்ட் கார்டன்', 1883ல் 'தி இங்லிஷ் ஃபிளவர் கார்டன்' என்ற நூல்களில், செடியை அதன் போக்கில் வளரவிடச் சொன்னார். அந்தக் கருத்துக்கு வண்ணம் சேர்த்தவர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843-1932). ஓவியம் பயின்றவர்; கண்பார்வை மோசமாகிக்கொண்டே போக, தோட்டத்தின் பக்கம் திரும்பியவர். சர்ரேயில் உள்ள மன்ஸ்டெட் வுட் அவருடைய இடம். அங்கே அவருக்கு வீடு கட்டித் தந்தவர், அப்போது இளைஞராயிருந்த எட்வின் லட்யன்ஸ். பின்னாளில் டெல்லியில் ராஷ்டிரபதி பவனையும், 2023ல் அம்ரித் உத்யான் என்று பெயர் மாறிய அதன் மொகல் தோட்டத்தையும் வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான்.

மன்ஸ்டெட் வுட்டின் பிரதான பார்டர் 200 அடி நீளம், 14 அடி அகலம். ஒரு முனையில் சாம்பல் நிற இலைகள், நீலம், வெளிர் மஞ்சள். நடுவை நெருங்க நெருங்க அழுத்தமான மஞ்சள், ஆரஞ்சு, உச்சத்தில் சிவப்பு. பிறகு படிப்படியாகத் தணிந்து மறுமுனையில் ஊதா.

ஆனால் இந்தச் செடிகளில் பல, சில வாரங்கள் மட்டுமே பூத்துவிட்டு மீதி நாட்களில் வெறுமனே நிற்பவை. ஜீக்கில் அதற்கும் வழி வைத்திருந்தார். டெல்ஃபினியம் பூத்து ஓய்ந்ததும், பின்னால் நட்டிருக்கும் பட்டாணி இனக் கொடியை இழுத்து அதன்மேல் படரவிடுவது. அதுவும் ஓய்ந்தால் அதற்கு மேல் கிளமேட்டிஸ் கொடி. பாப்பி மடிந்த இடத்தை ஜிப்சோஃபிலாவின் வெண்ணிறப் பூக்கள் மூடும். அப்படியும் பள்ளம் தெரிந்தால், பூத்த நிலையில் தயாராக இருக்கும் தொட்டிச் செடிகளைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டியதுதான்.

சரி, யார் இழுத்துக் கட்டினார்கள்? யார் தொட்டி சுமந்தார்கள்? குச்சி நட்டு முட்டுக்கொடுக்க, வாடிய பூவைக் கிள்ள, சில வருஷங்களுக்கொருமுறை செடியைத் தோண்டி வேரைப் பிரித்து மறுபடி நட, ஆள் வேண்டும். கம்பளப் பாத்தியை எதிர்த்து வந்த பாணியும் குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆட்களை நம்பியே நின்றது. வடிவமைத்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மண்ணில் கை வைத்தவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. கார்ன்வாலில் புதர் மண்டிக் கிடந்த ஹெலிகன் தோட்டத்தை 1990களில் மீட்டெடுத்தபோது, தோட்டக்காரர்கள் பென்சிலால் எழுதிவைத்த பெயர்கள் ஒரு கழிப்பறைச் சுவரில் கிடைத்தன. தேதி: ஆகஸ்ட் 1914. முதல் உலகப்போருக்குப் போன அவர்களில் பலர் திரும்பவில்லை.

ஆளும் போய், கூலியும் ஏறியபின், பல மாளிகைகளில் பார்டர்கள் மறைந்து வெறும் புல்தரை ஆயின. மிச்சம் பிழைத்தது, மாறத் துணிந்தவர்களால். சசெக்ஸில் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தின் கிறிஸ்டோபர் லாயிட், புதர்ச்செடி, கிழங்குச்செடி, ஒரு பருவத்துச் செடி எல்லாவற்றையும் கலந்து நடச் சொல்லி 1957ல் புத்தகம் எழுதினார். 1993ல் அங்கே லட்யன்ஸ் அமைத்திருந்த ரோஜாத் தோட்டத்தையே பிடுங்கிவிட்டு வாழை, கல்வாழை, டாலியா நட்டார். சம்பிரதாயவாதிகள் முகம் சுளித்தார்கள். இன்று அதைப் பார்க்கவே ஜனங்கள் வருகிறார்கள். மழை குறைந்த எசெக்ஸில் பெத் சாட்டோ, 1990களின் தொடக்கத்தில் கார் நிறுத்துமிடம் ஒன்றைச் சரளைக்கல் தோட்டமாக்கினார். அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பது கொள்கை. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது, அவர் முன்யோசனையின் அருமை தெரிந்தது.

மன்ஸ்டெட் வுட் 2023ல் நேஷனல் டிரஸ்ட் வசம் வந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய செய்தி. 200 அடியையும் ஜீக்கில் நட்டபடியே காப்பாற்ற வேண்டும் என்பவர்கள், அதற்கு வேண்டிய ஆட்களுக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். கட்டுப்படியாகாது என்றால் செடியை மாற்றுவதில் தப்பில்லை; ஓயாமல் சோதித்து மாற்றிக்கொண்டே இருந்தவர்தான் ஜீக்கில். எப்படியானாலும், இந்த முறை தோட்டக்காரர்களின் பெயரை வாசலில் பலகையில் எழுதிவிடலாம். கழிப்பறைச் சுவரில் தேட வேண்டியிருக்காது.