மேடை உயரம்

அரியமங்கலம் வீட்டில் சமையலறையை மாற்றுகிறோம். பழைய மேடை கடப்பா கல். அது சுண்ணாம்புக்கல்தானே, புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் வெளுத்துவிட்டது. மார்பிளும் அப்படித்தான். ஆகவே கருப்பு கிரானைட்.

விளிம்பை உருட்டுவதா, பட்டையாக விடுவதா என்று இரண்டு நாள் பேச்சு. என்னைக் கேட்டால் விளிம்பின் அடியில் ஒரு சிறு காடி வெட்டச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கீழே மர அலமாரி ஊறாது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கேட்பதில்லை.

உயரம்தான் பெரிய விஷயம். மேஸ்திரி 34 அங்குலம் என்றார். என் மனைவி ஐந்தடிக்கும் குறைவு; நாற்பது வருஷமாகத் தோளைத் தூக்கியே கிளறுகிறாள். முழங்கைக்கு ஐந்து அங்குலம் கீழே மேடை இருக்கவேண்டும். அவளை நிறுத்தி அளந்தால் 31. அடுப்புப் பக்கம் இன்னும் இரண்டு குறைக்கச் சொன்னாள்.

"விற்கும்போது கஷ்டம் சார்" என்றார் மேஸ்திரி. சமைப்பது அவள், 29 தான்.