வாங்கும் முன் அளந்து பாருங்கள்!



உங்களில் பலருடைய வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். அண்ணனோ அக்காவோ கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கலாம். அதில் இன்றைய விளையாட்டு ஒன்றை ஓட்டினால் திரையில் கார் ஓடாது. நின்று நின்று நகரும். உடனே நண்பர்கள் சொல்வார்கள்: "ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடு, பறக்கும்!"

உண்மையிலேயே பறக்குமா? அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன். நான் கம்ப்யூட்டர் விற்பவன் அல்ல; இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே நான் சொல்லும் யோசனை கடையில் கிடைக்கும் யோசனையிலிருந்து சற்று மாறுபட்டிருக்கும்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர், கம்ப்யூட்டர் பெட்டியைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து எங்கள் துறை வாசலில் நின்றார். ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக் கழிக்கப்பட்ட கம்ப்யூட்டர் அது. 2012-ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் தலைமுறை கோர் ஐ5 பிராசஸர் அதில் இருந்தது. 2019-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650 என்னும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி அதில் பொருத்தியிருந்தார். பணம், அவருடைய அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது.

"சார், வீடியோவில் இதே கார்டு வினாடிக்கு 70 பிரேம் காட்டுகிறது. எனக்கு அந்த வேகம் வரவே இல்லை. நடுநடுவே அப்படியே நின்றும் போகிறது. கடைக்காரர் கெட்டுப்போன கார்டை என் தலையில் கட்டிவிட்டார். இதை விற்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் பணம் புரட்டி, பெரிய கார்டாக வாங்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, "அப்படியே செய், தம்பி" என்று சொல்லிவிட்டேன். ஆண்டுதோறும் அளவீட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், எதையும் அளக்காமல் சொன்ன பதில் அது. அவர் படியிறங்கும்போதுதான் எனக்கு உறுத்தியது. கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டேன்.

"கார்டு போடுவதற்கு முன்னால் எத்தனை பிரேம் வந்தது?"

"தெரியாது, சார். குறித்து வைக்கவில்லை."

இந்தப் பதிலில்தான் சங்கதியே இருக்கிறது. முன்பு எவ்வளவு என்று தெரியாதவருக்குப் பின்பு எவ்வளவு கூடியது என்று எப்படித் தெரியும்?

பரோட்டாக் கடைக் கணக்கு

முதலில் பிரேம் என்றால் என்ன என்று பார்ப்போம். சினிமாவைப் போலவே கம்ப்யூட்டர் விளையாட்டும் அசையாத படங்களின் வரிசைதான். ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். வினாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒரு பிரேமைத் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் 1000-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது. அதாவது சுமார் 16.7 மில்லிவினாடி.

இந்த வேலையை இருவர் செய்கிறார்கள். கார் எங்கே இருக்கிறது, எதன்மேல் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்கிடுவது பிராசஸர். அதன்படி படத்தை வரைந்து முடிப்பது கிராபிக்ஸ் கார்டு. பரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாவை வீசித் தருகிறார். இன்னொருவர் கல்லில் போட்டுச் சுடுகிறார். வீசுகிறவர் நிதானமான ஆளாக இருந்தால், கல்லை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் பரோட்டா வேகமாக வராது. பெரிய கல் பாதி காலியாகக் காய்ந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான்!

எளிய எண்களில் சொல்கிறேன். பிராசஸருக்கு ஒரு பிரேமுக்கு 25 மில்லிவினாடி தேவை. பழைய கிராபிக்ஸுக்கு 100 மில்லிவினாடி தேவை என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே சமயத்தில் அடுத்தடுத்த பிரேம்களில் வேலை செய்வதால், மெதுவான ஆளின் நேரமே மொத்த நேரத்தை முடிவு செய்யும். வினாடிக்கு 10 பிரேம் வரும். இப்போது 10 மில்லிவினாடியில் வரையும் கார்டு ஒன்றைப் போடுகிறோம். கார்டு பத்து மடங்கு வேகமானது. ஆனால் வினாடிக்கு 100 பிரேம் வருமா? வராது. பிராசஸரின் 25 மில்லிவினாடி குறுக்கே நிற்கிறது. 40 பிரேம்தான் வரும். அதற்கும் மேலான கார்டை, 5 மில்லிவினாடியில் வரைவதை, வாங்கிப் போட்டால்? அப்போதும் அதே 40தான்! இரண்டாவது முறை செலவழித்த பணம் முழுவதும் வீண்.

நாங்கள் செய்த சோதனை

இனி அந்த மாணவரின் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஒரே விளையாட்டு, ஒரே பாதை, ஒரே அமைப்புகள். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை ஓட்டி நடு மதிப்பை எடுத்துக்கொண்டோம். அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் வினாடிக்கு 41 பிரேம் வந்தது.

பிறகு காசு செலவில்லாத ஒரு சோதனை செய்தோம். விளையாட்டின் அமைப்பில் திரைப் புள்ளிகளை 1280-க்கு 720 என்று குறைத்தோம். முன்பு ஒரு பிரேமில் 20,73,600 புள்ளிகள்; இப்போது 9,21,600 புள்ளிகள். கார்டு வரைய வேண்டியது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கார்டுதான் தாமதத்துக்குக் காரணம் என்றால் வேகம் நன்றாக ஏற வேண்டுமல்லவா? வந்தது 42. கார்டின் சுமையைக் குறைத்தும் வேகம் கூடவில்லை. கார்டு சும்மா காத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

உறுதி செய்துகொள்ள, அதே கார்டைத் துறையிலிருந்த புதிய கம்ப்யூட்டரில் பொருத்திப் பழைய புள்ளி அளவிலேயே ஓட்டினோம். 68 வந்தது. கடைக்காரர் ஏமாற்றவில்லை, கார்டு நல்ல கார்டுதான். கடைசியாகக் கார்டைக் கழற்றிவிட்டு, மாணவரின் பிராசஸரோடு சேர்ந்தே இருக்கும் கிராபிக்ஸில் ஓட்டினோம். வெறும் 9! அம்மாவின் சீட்டுப் பணம் வீணாகவில்லை. வேகத்தை நான்கு மடங்குக்கு மேல் உயர்த்தியிருந்தது. அளக்காததால் அந்தப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. இன்னும் பணம் போட்டிருந்தால்தான் வீணாகியிருக்கும். அதற்கு நானே தலையாட்டியிருந்தேன்.

நடுநடுவே நின்றுபோனதற்குக் காரணம் வேறு. பெட்டியில் 4 ஜிகாபைட் ராம் ஒன்றுதான் இருந்தது. இடம் போதாமல், கம்ப்யூட்டர் அடிக்கடி ஹார்டு டிஸ்கை நாடிக்கொண்டிருந்தது. கழித்துப் போட்ட கம்ப்யூட்டரிலிருந்து அதே வகை ராம் ஒன்றை எடுத்துச் செருகினோம். சராசரி 41-லிருந்து 44 ஆனது. மூன்றுதானே என்கிறீர்களா? ஆனால் நிற்பது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இங்கே சராசரி என்பது எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். 99 பிரேம்கள் தலா 10 மில்லிவினாடியிலும், ஒரே ஒரு பிரேம் 500 மில்லிவினாடியிலும் வருவதாகக் கொள்வோம். 100 பிரேமுக்கு மொத்தம் 1,490 மில்லிவினாடி. சராசரி, வினாடிக்கு சுமார் 67 பிரேம். எண் அழகாக இருக்கிறது. ஆனால் விளையாடுகிறவரின் கார் அரை வினாடி உறைந்து நின்று சுவரில் மோதியிருக்கும்! ஆகவே சராசரியோடு மிக மெதுவான பிரேம்களின் நேரத்தையும் குறிக்க வேண்டும்.

வீடியோவில் வந்த 70 பொய்யா?

பொய் இல்லை. கார்டுகளை ஒப்பிடுகிறவர்கள் வேண்டுமென்றே மிக வேகமான பிராசஸரோடு சோதிப்பார்கள். வேறு எதுவும் தடையாக நிற்காமல் கார்டை மட்டும் அளக்க அதுவே சரியான முறை. ஆனால் அந்த எண் பதில் சொல்வது 'இந்தக் கார்டால் எவ்வளவு முடியும்?' என்ற கேள்விக்கு. உங்கள் கேள்வியோ, 'என் கம்ப்யூட்டரில் இது எவ்வளவு செய்யும்?' என்பது. வேறொரு கேள்வியின் விடையை உங்கள் தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

பழைய மதர்போர்டும் ஒரு தடையாகலாம். 2022 ஜனவரியில் வெளிவந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் கார்டு இதற்கு நல்ல உதாரணம். கார்டு செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இணைப்பில் 16 தடங்கள் இருக்கலாம்; இந்தக் கார்டு 4 தடங்களையே பயன்படுத்தும். நான்காம் பதிப்பு இணைப்பில் அந்த 4 தடங்கள் வழியே வினாடிக்கு சுமார் 8 ஜிகாபைட் தகவல் செல்லும். மூன்றாம் பதிப்பில் சுமார் 4. இரண்டாம் பதிப்பில் 2. கார்டுக்கென்று உள்ள 4 ஜிகாபைட் நினைவகம் நிரம்பிவிட்டால் கம்ப்யூட்டரின் ராமிலிருந்துதான் இந்தக் குறுகிய பாதை வழியே தகவல் வர வேண்டும். ஆகவே பல விளையாட்டுகளில் பழைய போர்டில் இதன் வேகம் நன்றாகக் குறைவதைச் சோதித்தவர்கள் கண்டார்கள். குறைந்த விலைக் கார்டைத் தேடுகிறவர் பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டர்க்காரர். அவருக்கே இதில் பலன் குறைவு!

எண்ணைச் சந்தேகிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். 2001-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டைச் சோதித்தவர்கள், குவேக் 3 என்ற விளையாட்டின் கோப்புப் பெயரை 'குவாக்' என்று மாற்றி ஓட்டினார்கள். பெயரை மட்டும் மாற்றியதும் வேகம் குறைந்தது; படமோ தெளிவானது! கார்டை இயக்கும் மென்பொருள், விளையாட்டைப் பெயரால் அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது. குவேக் 3 அந்நாளில் கார்டுகளைச் சோதிக்க எல்லோரும் பயன்படுத்திய விளையாட்டு என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்களே செய்யலாம்

கார்டு வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பிரேம் எண்ணிக்கையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. பல விளையாட்டுகளிலேயே அந்த வசதி உண்டு. ஒரு நோட்டில் தேதி, அறை வெப்பநிலை, விளையாட்டு, புள்ளி அளவு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். திரையின் வேகத்தோடு பிரேமைக் கட்டிவைக்கும் 'வி-சிங்க்' அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பல திரைகளில் 60-க்கு மேல் எண் ஏறாது. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு முறையும், இருபது நிமிடம் ஓடியபின் ஒரு முறையும் அளவெடுங்கள். இரண்டாவது எண் வெகுவாகக் குறைந்தால் சூடு காரணமாக இருக்கலாம். அப்போது மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெரியவர்கள் உதவியோடு விசிறியில் படிந்த தூசியை நீக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.

அளந்த பிறகு கார்டுதான் தடை என்று தெரிந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் தேவை என்று பார்த்து வாங்குங்கள். செருகும் இடம் தரக்கூடியது 75 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது இருக்காது.

பள்ளி ஆய்வகங்களில் இந்தச் சோதனைக்கும் ஓர் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. தனி ஊசலின் 20 அலைவுகளுக்கு நேரம் குறிக்கிறோம், மறுபடியும் குறிக்கிறோம். ஏன் இருபது, ஏன் மறுபடியும் என்று கேட்டால் பல மாணவர்கள் "சார் சொன்னார்" என்கிறார்கள். விடை முன்பே தெரிந்திருப்பதால் அளவீட்டில் அக்கறை இல்லாமல் போகிறது. அம்மாவின் பணம் போகுமா, நிற்குமா என்பது அளவீட்டைப் பொறுத்தது என்றால் அக்கறை தானே வரும்.

அந்த மாணவர் இன்றும் அதே கார்டோடுதான் விளையாடுகிறார். போன மாதம் நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். நண்பருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான். கார்டு வாங்க ஆசை. நான் வாயைத் திறப்பதற்குள் நம் மாணவர் நண்பரிடம் கேட்டார்: "இப்போது எத்தனை பிரேம் வருகிறது? குறித்து வைத்திருக்கிறாயா?"