நீர்நாயும் காமிராவும்

காட்டு விலங்கைத் துப்பாக்கியுடன் தேடிய காலம் மாறி, காமிராவுடன் தேடும் காலம் வந்திருப்பதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறித் தேக்கடி ஏரிக்குச் செல்லும் அன்பர்கள், யானையைக் கண்டதுடன் திருப்தியடையாமல், கரையோரத்தில் குடும்பம் குடும்பமாக மீன் வேட்டையாடும் நீர்நாய்களையும் படம் பிடிக்க விரும்புகிறார்கள். நீர்நாய் தமிழருக்குப் புதியதன்று. குறுந்தொகையும் அகநானூறும் அறிந்த பிராணி அது.

நமக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் ஏட்டோடு நிற்பதுமன்று. பென்னிகுவிக் துரை கட்டி, 1895-ல் திறக்கப்பட்ட அணையால் உண்டானதே அந்த ஏரி. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைக்கிறது. நீர்நாய் நீந்தும் நீரே நம் நெல்லுக்கும் நீர். மீனற்ற நீரிலும் நஞ்சு கலந்த நீரிலும் அது நிலைத்து வாழாது. ஆகவே அதன் க்ஷேமம் நதியின் க்ஷேமத்திற்கு நல்ல அத்தாட்சியாகும்.

ஆனால் படம் பிடிப்போர் ஒரு விஷயத்தை ஊன்றி உணரவேண்டும். படம் ரட்சிக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. ஜப்பான் முதலிய நாடுகளில் வீட்டில் வளர்க்கப்பட்ட சிறுநக நீர்நாய்களின் படங்கள் கைபேசிகளின் மூலம் பரவவே, அவற்றை வாங்கும் மோகம் பெருகிற்று. காட்டில் பிடிக்கப்பட்ட குட்டிகள் கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டன. 2019-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மகாநாடு, சிறுநக நீர்நாய், மிருதுவான ரோமமுள்ள பெரிய நீர்நாய் ஆகிய இரண்டின் சர்வதேச வியாபாரத்தையும் தடைசெய்ய நேர்ந்தது. இவ்விரண்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்பவையே. சிங்கப்பூரிலோ, நகரத்தின் நடுவே நீர்நாய்கள் நீந்த, ஜனங்கள் ஒதுங்கி நின்று படம் பிடித்து, அவற்றின் காவலராகவே ஆகியிருக்கிறார்கள்.

நாம் எவ்வழியைப் பின்பற்றப் போகிறோம்? குட்டிகள் உள்ள வளையை நெருங்குவதும், படகில் துரத்துவதும், தின்பண்டம் போட்டு இழுப்பதும், வளை இருக்குமிடத்தை ஊரறியப் பறைசாற்றுவதும் வேட்டைக்குச் சமானம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நீர்நாயைக் காக்கிறது என்பது மெய்யே. எனினும் ஒவ்வொரு கரையிலும் சட்டம் காவல் நிற்க முடியாது. பொறுமையுடன் கரையில் காத்திருக்கும் காமிராக்காரர் நிற்க முடியும். தோட்டா வெடித்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்போரையும், கரையைக் கெடுத்து மணல் அள்ளுவோரையும் முதலில் காணக்கூடியவர் அவரே. அழகிய படத்தை நண்பர்களுக்குக் காட்டுவதோடு, அக்கிரமத்தை வன இலாகாவுக்கு அறிவிப்பதும் அவர் கடமை. அவ்வறிவிப்பைக் கட்டிப் போட்டுவிடாமல் உடனே நடவடிக்கை எடுப்பது இலாகாவின் கடமை. இவ்விரு கடமைகளும் நிறைவேறினால் நம் பேரப்பிள்ளைகளும் நீர்நாயை நேரில் காண்பார்கள். தவறினால் நாம் எடுத்த படங்களே அவர்களுக்கு மிஞ்சும்.