நினைவு போனாலும் மனிதன் போகவில்லை

“கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இனி அவர் இருந்தென்ன, போயென்ன?” இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் யார்? நாற்பது வருஷம் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர், பெற்ற மகனின் பெயரை மறந்ததும் திண்ணை மூலைக்குத் தள்ளப்படுகிறார். அவர் காதுபடவே அவரைப் பற்றிப் பேசுகிறோம். அவர் அங்கே இல்லை என்றே எண்ணுகிறோம்.

இது சரிதானா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து விடாப்பிடியாக ஆராய்ந்தவர் டாம் கிட்வுட் என்ற ஆங்கிலேயர்.

அவர் வேலை செய்த ஊர் பிராட்போர்டு. இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளுக்குப் பேர் போன நகரம் அது. 1890-91-ல் அங்கே மானிங்காம் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தார்கள். 1893-ல் சுதந்திரத் தொழிற்கட்சி பிறந்ததும் அந்த ஊரில்தான்.

கிட்வுட் 1937-ல் பிறந்தார். விஞ்ஞானம் படித்தார், பாதிரியார் ஆனார், உகாண்டாவில் ஆசிரியராக இருந்தார். பின்னர் மதப்பணியை விட்டு பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆசிரியரானார். 1980-களின் நடுவில் முதுமை மறதி நோயின் பக்கம் திரும்பியவர், 1998-ல் இறக்கும் வரை அதை விடவில்லை.

அன்று வைத்தியர்கள் சொன்னது என்ன? மூளை கெட்டுவிட்டது, ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான். மூளையில் நோய் இருப்பதைக் கிட்வுட் மறுக்கவில்லை. ஆனால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது கணக்கு நேராக வரவில்லையே என்று கேட்டார். மூளையில் பெருஞ்சேதம் இருந்த சிலர் கடைசிவரை ஓரளவு தெளிவாக இருந்தார்கள். குறைந்த சேதம் இருந்த சிலர் அடியோடு நிலை குலைந்திருந்தார்கள். அப்படியானால் மூளையோடு வேறொன்றும் சேர்ந்து வேலை செய்கிறது. அது என்ன? சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதம் என்றார் அவர்.

வெறும் வாய்ப்பேச்சாக அவர் இதை விடவில்லை. முதியோர் விடுதிகளின் பொதுக்கூடத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, இந்த நோயாளி என்ன செய்கிறார், முகத்தில் மகிழ்ச்சியா வாட்டமா என்று குறிக்க வேண்டும். மணிக்கணக்கில் இப்படி எழுதிய குறிப்பிலிருந்து, ஒரு மனிதரின் நாள் எப்படிக் கழிகிறது என்று தெரிந்துவிடும். இந்த முறையை அவரும் அவருடைய சகாக்களும் வகுத்தார்கள்.

நோயாளியைத் தாழ்த்தும் செயல்கள் பதினேழு என்று 1997-ல் வெளிவந்த தம் நூலில் கணக்கிட்டார். ஏமாற்றி அழைத்துப்போவது, மிரட்டுவது, குழந்தையாக நடத்துவது, அவரால் முடிந்த வேலையைக்கூடச் செய்ய விடாமல் பிடுங்கிக்கொள்வது, அவசரப்படுத்துவது, கேலி செய்வது—இவையெல்லாம் அதில் உண்டு. தோழர்களே, இந்தப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டுக் கதையாகவே இருக்கிறது!

ஆனால் பணியாளர்கள் கொடியவர்கள் என்று அவர் சொல்லவில்லை. பெரும்பாலோர் நல்லவர்களே, பழகிப்போன முறைதான் கெட்டது என்றார். பராமரிப்பவரைக் கேட்பாரற்று விட்டால், அவர் கையில் உள்ள நோயாளியும் கேட்பாரற்றுப் போவார் என்றும் எச்சரித்தார்.

இங்கேதான் நாம் ஒரு படி மேலே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. 1990-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு பெருமளவுக்குத் தனியார் கைக்குப் போயிற்று. “மனிதனே முதல்” என்ற கிட்வுட்டின் கொள்கை இன்று விடுதிகளின் விளம்பரத்திலும் ஏறிவிட்டது. நல்லது. ஆனால் முப்பது பேருக்குச் சோறூட்ட இரண்டே பேர் இருந்தால், அவர்கள் அவசரப்படுத்தாமல் என்ன செய்வார்கள்? பொறுமை என்பது நேரம் கேட்கும் சரக்கு. நேரம் வேண்டுமானால் ஆள் வேண்டும். ஆள் வேண்டுமானால் கூலி கொடுக்க வேண்டும். நல்ல குணத்தைப் போதித்து இந்தச் செலவை மறைக்க முடியாது.

இது எங்கோ உள்ளவர்களின் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் 60 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருப்பவர்கள். இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலகெங்கும் இவர்களுக்குக் குடும்பத்தார் செய்யும் பராமரிப்பில் 70 சதவிகித நேரம் பெண்களுடையது. கூலியில்லாத வேலை அது, விடுமுறையும் இல்லை.

ஆகவே வயலுக்குப் போய்வந்த அலுப்போடு மாமனாரைக் கழுவித் துடைக்கும் மருமகள் ஒருநாள் சீறி விழுந்தால், அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவளுக்கு மாற்றாள் யார் என்று முதலில் கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதை இன்றே செய்யலாம். பெரியவரைப் பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிடுங்கள். எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள். கயிறு திரிப்பதோ கீரை ஆய்வதோ, கை அறிந்த வேலையில் ஒரு பங்கு கொடுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை வாரத்தில் ஒருநாளாவது ஆண்கள் விடுவியுங்கள்.

வீட்டால் முடியாதது மிச்சம் இருக்கிறது: பகல் நேரப் பராமரிப்பு இல்லம், அருகிலேயே வைத்தியம், பராமரிப்புத் தொழிலாளிக்கு வயிறு நிறையும் கூலி. இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. ஆயுள் முழுதும் உழைத்தவருக்காகக் கேட்கிறோம். இதைக் கேட்க நாம் கூச வேண்டியதில்லை.