மாற்றத்தைத் தாங்காத வாதங்கள்

தமிழ்ப்பள்ளிக்காக மேடையேறுவோர் காரணங்களை அடுக்கினால் தம் கட்சி வலுப்பெறும் என்று நம்புகின்றனர். வாதம் நெல்மூட்டையன்று, எடை கூடியதால் வலிமை கூடிவிடாது.

தாய்லாந்தின் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர் ஃபான் மின் டுங், 1995இல் வெளியிட்ட ஆய்வில், வாதங்களின் பொருளை ஒதுக்கி, எது எதைத் தாக்குகிறது என்பதை மட்டும் நோக்கினார். தன்னைத் தாக்குவதை எதிர்த்து வீழ்த்தத் துணை வாதம் உடையதே நிலைக்கும். அவ்வழி வந்தோர் மற்றொன்றும் வினவினர்: புதிய தாக்குதல் ஒன்று நுழைந்தால் எம்முடிபு எஞ்சும்? நம் பேச்சாளர் கேட்க மறுக்கும் வினா இதுவேயன்றோ!

தோட்டத்துப் பிள்ளைக்கு வேறு பள்ளியில்லை என்பது ஒருகாலத்தில் அசைக்கவொண்ணா வாதம். ஜொகூரில் ரப்பர் நின்ற மண்ணில் செம்பனை எழுந்தது. குடும்பங்கள் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் பெயர்ந்தன. 'அருகிலேயே தேசியப் பள்ளி உண்டே' என்னும் ஒரு சொல் அவ்வாதத்தைச் சாய்த்துவிடும். அடுத்து யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் 'ஏ' எண்ணிக்கை அரணாயிற்று. 1988இல் தோன்றிய அத்தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. பழைய எண்களை இன்னும் முழங்குவாரைக் கண்டு நகைப்பதா, நோவதா?

நீதிமன்றத்தில் நிகழ்ந்தது வேறு. பிற மொழியைக் கற்பிக்கத் தடையில்லை என்கிறது அரசமைப்பின் 152ஆம் விதி. ஆயின் 1982இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கின் தீர்ப்பு, ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அம்மொழிவழிக் கற்பிப்பது வேறு எனப் பிரித்தது. பொது அதிகார அமைப்பு பின்னதைச் செய்யலாகாது என்றது. அத்தீர்ப்பே தமிழ், சீனப் பள்ளிகள்மீது ஏவப்பட்டது. 2021 டிசம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், இப்பள்ளிகள் பொது அதிகார அமைப்புகளல்ல என்று கூறித் தாக்குதலின் ஆணிவேரையே அறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அதனை உறுதிசெய்தது; கூட்டரசு நீதிமன்றம் 2024இல் மேல்வழக்கிற்கு இசைவு மறுத்தது. பள்ளியின் பெருமையைப் பத்து மடங்கு பாடியிருந்தாலும் அங்கே பயன் விளைந்திராது.

எனினும் இவ்வரணும் பள்ளியின் சட்டநிலையைப் பற்றியே நிற்கிறது. சட்டம் மாறக்கூடியது. தமிழ்ப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக்க அமைச்சருக்கு 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு தந்த அதிகாரம், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீங்கியது. நீங்கியது மீளாதென்று எவர் உறுதி கூறுவார்?

வலிய தாக்குதலோ நம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. 'இடைநிலைப்பள்ளிக்குச் சென்றால் என் பிள்ளை மலாய்மொழியில் தடுமாறுமா?' என்று தாயொருத்தி கேட்கிறாள். தமிழின் தொன்மையைச் சொல்வது அவ்வினாவைத் தொடுவதேயில்லை. ஆறாம் ஆண்டு மாணவனை அழைத்து, அவள் முன்னிலையில் மலாய்மொழியில் ஒரு பத்தி எழுதச் சொல்லும் பள்ளியே அதற்கு விடை தருகிறது.