இரண்டு புள்ளி முந்துகிறார் என்றால் என்ன அர்த்தம்?



அமெரிக்காவில் 2024 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை, ஜனாதிபதித் தேர்தல். நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களிலோ இரண்டு வாரமாகத் தேர்தல் நடந்துகொண்டிருக்கிறது. காலையில் ஒரு நானா பென்சில்வேனியாவில் ட்ரம்ப் 1 புள்ளி முந்துகிறார் என்று ஸ்கிரீன்ஷொட் போடுகிறார். பகல் சாப்பாட்டுக்கு முன்னர் ஒரு தம்பி மிச்சிகனில் ஹரிஸ் 2 புள்ளி முந்துகிறார் என்று பதில் போடுகிறார். இஷாவுக்குப் பிறகு சண்டை. காஸாவின் பெயரால் தொடங்கும் சண்டை, யாருடைய கணிப்பு உண்மை என்பதில் போய் நிற்கிறது.

யார் வெல்ல வேண்டும் என்பதைப் பற்றி நாம் இங்கே எழுதவில்லை. அந்த ஸ்கிரீன்ஷொட்களைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

அங்கே நாடு முழுக்க அதிக வாக்கு எடுத்தவர் ஜனாதிபதி ஆவதில்லை. மாநிலவாரியாகப் பிரித்த 538 தேர்வாளர் வாக்குகளில் 270 எடுக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே தெரிந்த விடயம். மிஞ்சுவது பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கொன்சின், ஜோர்ஜியா, நோர்த் கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு ஊசல் மாநிலங்கள். அவற்றிடம் 93 தேர்வாளர் வாக்குகள் இருக்கின்றன. ஆகவே எல்லோருடைய கண்ணும் அந்த ஏழு மாநிலக் கணிப்புகளில்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் 800 பேரிடம் கேட்டால், ஒவ்வொரு வேட்பாளரின் வீதமும் ஏறத்தாழ மூன்றரைப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு அந்தப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஹரிஸ் 2 புள்ளி முந்துகிறார் என்ற கணிப்பின் உண்மையான பொருள் இதுதான்: அவர் 9 புள்ளி முந்தியும் இருக்கலாம், ட்ரம்ப் 5 புள்ளி முந்தியும் இருக்கலாம். இதை வைத்துத்தான் நமது ஆட்கள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மல்லுக்கட்டுகிறார்கள்.

இது தற்செயலால் வரும் பிழை மட்டுமே. நிறையக் கணிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இது குறையும். சராசரியால் குறையாத பிழை வேறொன்று இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் அது சரி. நோன்புக் கஞ்சியைக் கிண்டாமல் மேலாக ஒரு அகப்பை எடுத்துப் பாருங்கள், இறைச்சியே போடவில்லை என்று சொல்வீர்கள். பத்து அகப்பை எடுத்தாலும் அதையேதான் சொல்வீர்கள். அமெரிக்காவில் தொலைபேசிக் கணிப்புக்குப் பதில் சொன்னவர்கள், பியூ ஆய்வு மையத்தின் கணக்கின்படி, 1997இல் நூற்றுக்கு 36 பேர். 2018இல் 6 பேர். பதில் சொல்லாத 94 பேரும் பதில் சொன்ன 6 பேரைப் போலவே வாக்களிப்பார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது?

விஸ்கொன்சினில் நடந்ததைப் பாருங்கள். 2016இல் அந்த மாநிலத்தில் மதிப்புப் பெற்ற மார்க்கெட் பல்கலைக்கழகத்தின் கடைசிக் கணிப்பு, ஹிலாரி கிளிண்டன் 6 புள்ளி முன்னிலை என்றது. ட்ரம்ப் 23,000க்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடு தழுவிய கணிப்புகள் அந்த வருடம் பெரிதாகப் பிழைக்கவில்லை, மாநிலக் கணிப்புகள்தான் பிழைத்தன. பட்டம் பெற்றவர்கள் கணிப்புக்குப் பதில் சொல்ல முன்வருகிறவர்கள், அவர்களில் கிளிண்டன் ஆதரவாளர் அதிகம். பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகைமையைப் பார்த்து அதைச் சரிசெய்யவில்லை. அடுத்த முறை சரிசெய்தார்கள். ஆனாலும் 2020 ஒக்டோபர் இறுதியில் வொஷிங்டன் போஸ்டும் ஏபிசியும் எடுத்த கணிப்பு, அதே விஸ்கொன்சினில் பைடன் 17 புள்ளி முன்னிலை என்றது. அவர் வென்றது சுமார் 20,700 வாக்கால், ஒரு புள்ளிகூட இல்லை. அந்த வருடக் கணிப்புகளின் பிழை நாற்பது வருடங்களில் மிகப் பெரியது என்று கணிப்பாளர்களின் சங்கமே ஆராய்ந்து சொன்னது. காரணத்தை அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் எல்லாக் கணிப்பிலும் ட்ரம்புக்கு மூன்று புள்ளி கூட்டிக்கொள்ளலாமே என்று ஒரு தம்பி குழுமத்தில் எழுதியிருந்தார். அதுவும் சரிவராது. 2012இல் கணிப்புகள் ஒபாமாவைத்தான் குறைத்துக் காட்டின. 2022இல் பென்சில்வேனியா செனட் போட்டியில் சில சராசரிகள் குடியரசுக் கட்சியின் ஒஸ் சற்று முன்னிலை என்றன, ஃபெட்டர்மன் ஏறக்குறைய 5 புள்ளியால் வென்றார். பிழை வரும் என்பது தெரியும். எந்தப் பக்கம் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. வந்தால் விஸ்கொன்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் ஒரே பக்கமாக வரக்கூடும்.

இந்த முறை நமக்குக் கூடுதல் சந்தேகம் தருவது வேறு. ஊசல் மாநிலக் கணிப்புகள் எல்லாம் சமநிலை, 1 புள்ளி, சமநிலை, 1 புள்ளி என்றே வருகின்றன. வகுப்பில் நிகழ்தகவு படிப்பிக்கும்போது முப்பது பிள்ளைகளையும் ஒரு நாணயத்தை இருபது தடவை சுண்டச் சொல்லிப் பாருங்கள். ஒருவருக்குத் தலை 7 வரும், இன்னொருவருக்கு 13 வரும். முப்பது கொப்பியிலும் 10, 10, 11 என்றே இருந்தால் பிள்ளைகள் நாணயத்தைச் சுண்டவே இல்லை என்பது ஆசிரியருக்கு விளங்கிவிடும். உண்மையில் சமநிலையாகவே இருந்தாலும், நேர்மையாக எடுத்த கணிப்புகளில் சில 5 புள்ளி அங்கும் சில 5 புள்ளி இங்கும் சிதற வேண்டும். சிதறவில்லை. மூன்றாம் முறையும் அவமானப்படப் பயந்து கூட்டத்தோடு நிற்கிறார்களோ என்ற கேள்வி அங்கேயும் எழுந்திருக்கிறது. கடந்த முறை யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டு, அதன்படி எண்களைத் திருத்துவதும் இந்த முறை அதிகம். அப்படிச் செய்தால் இந்த வருடக் கணிப்பு கடந்த தேர்தலின் முடிவைப் போலவே வந்து நிற்கும்.

கூட்டத்தோடு நிற்காத ஒருவரின் கணிப்பு தேர்தலுக்குச் சற்று முன்னர் வந்தது. ஆன் செல்சர் அயோவாவில் ஹரிஸ் 47, ட்ரம்ப் 44 என்கிறார். அயோவா ஊசல் மாநிலமே அல்ல, ட்ரம்ப் இரண்டு முறை இலகுவாக வென்ற இடம். உடனே ஹரிஸ் பக்கத்து நானாமாருக்குப் பெருநாள். செல்சர் மதிக்கப்படுகிறவர், கண்டதை மறைக்காமல் வெளியிடும் துணிவும் உண்டு. ஆனால் அதுவும் 808 பேரிடம் கேட்ட ஒரு கணிப்புத்தான். நேற்று வரை கணிப்பெல்லாம் பொய் என்றவர்கள், பிடித்த எண் வந்ததும் இன்று அதைப் பகிர்கிறார்கள். மற்றப் பக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. சந்தேகம் என்றால் நமக்குப் பிடித்த கணிப்பிலும் வர வேண்டும்.

இனி டியர்போர்ன். அங்குள்ள முஸ்லிம்கள் என்ன முடிவெடுத்துவிட்டார்கள் என்று நமது குழுமங்களில் எவ்வளவு உறுதியாக எழுதுகிறார்கள்! மிச்சிகனில் சுமார் ஒரு கோடிப் பேர். 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பில் மத்திய கிழக்கு, வட ஆபிரிக்க வம்சாவளியினர் என்று பதிந்தவர்கள் 3 இலட்சத்துக்குச் சற்று அதிகம், அதில் கிறிஸ்தவர்களும் நிறைய. 800 பேரின் கணிப்பில் இவர்கள் இருபத்தைந்து பேர் அளவில்தான் அகப்படுவார்கள். இருபத்தைந்து பேரை வைத்துச் சொல்லும் வீதத்தில் பிழை 20 புள்ளி. அதை வைத்து ஒரு சமூகத்தைத் துரோகி என்பதும் தியாகி என்பதும் எந்த வகை நியாயம்? பெப்ரவரியில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சி வாக்கெடுப்பில் பைடனுக்கு எதிராக ‘எவருக்கும் இல்லை’ என்று மிச்சிகனில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்களே, அது எண்ணப்பட்ட வாக்கு. அதை நம்பிப் பேசலாம். ஹரிஸ் வேட்பாளரான பிறகு அவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது பெட்டியைத் திறந்தால்தான் தெரியும்.

கணிப்பைச் சந்தேகிப்பது வேறு, எண்ணிக்கையைச் சந்தேகிப்பது வேறு. கணிப்பில் முந்தியிருந்தோம், ஆகவே தோற்றால் திருட்டு என்ற பேச்சுக்கு இந்த ஸ்கிரீன்ஷொட்கள் நாளைக்குச் சாட்சியாக வரும். 2020 தோல்வியை ஏற்க மறுத்ததன் முடிவு 2021 ஜனவரி 6 அன்று அவர்களது பாராளுமன்றக் கட்டடத்தில் நடந்தது. தேர்தல் கடமைக்குப் போகும் ஆசிரியர்கள் நாம். கட்சி முகவர்கள் பார்த்திருக்க ஒவ்வொரு வாக்குச்சீட்டையும் விரித்து எண்ணுவது எப்படிப்பட்ட வேலை என்று நமக்குத் தெரியும். செப்டம்பரில் நமது நாட்டில் முதல் தடவையாக விருப்பு வாக்குகள் வரை எண்ணி முடிவு சொன்னார்கள். முகநூலில் அதற்கு முன்னர் சுற்றிய எண்களோடு அந்த வேலையை ஒன்றாக வைக்க முடியாது.

அதைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறோம். 2024 நவம்பர் 14 நமது பாராளுமன்றத் தேர்தல். மாவட்டத்தில் யார் வெல்வார் என்று முகநூலில் ஓடும் வாக்கெடுப்புகளைக் கணிப்பு என்று சொல்வதே பிழை. அமெரிக்கக் கணிப்பாளர் பிழைத்தாலும் ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை வைத்திருக்கிறார். இங்கே ஒரே ஆள் மூன்று கணக்கில் வந்து அழுத்துகிறார். ‘அவர் எப்படியும் வெல்லமாட்டார், வாக்கை வீணாக்காதீர்கள்’ என்ற பேச்சு அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. தபால் வாக்களிக்கும் நமது சக ஆசிரியர்கள் சிலரே அதைப் பகிர்கிறார்கள்.

புதன் காலை பாடசாலை முதல் மணி அடிக்கும் நேரத்தில்தான் விஸ்கொன்சினிலும் மிச்சிகனின் மேற்கு ஓரத்திலும் வாக்களிப்பு முடியும். பென்சில்வேனியாவிலும் விஸ்கொன்சினிலும் தபால் வாக்குகளைத் தேர்தல் நாளுக்கு முன்னர் திறக்கச் சட்டம் இடம்கொடுப்பதில்லை. ஆகவே முதலில் வரும் எண்ணும் கடைசி எண்ணும் வேறுபடும். 2020இல் முடிவு தெரியச் சனிக்கிழமை ஆனது. முதல் ஒரு மணித்தியாலத்து எண்ணைப் பார்த்துக் குழுமத்தில் பட்டாசு கொளுத்த வேண்டாம், பிள்ளைகளுக்கு அன்றைக்கும் பாடம் இருக்கிறது.